வெளிச்சம் நுழையும் நேர்வழி

(ஊவா மலைநாட்டின் பழைய மரக் கமராக்களையும் அவற்றின் ஒளிக்கசிவையும் பற்றிப் பதுளையில் ஆற்றிய சொற்பொழிவு)

தோட்டத்து லயத்துத் தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் அதன்வழி விழும் வெளிச்சம் தரையில் ஒரு வட்டமாகத் தெரியும். ஓட்டை கிழிந்து கோணலாக இருந்தாலும் தரையில் விழுவது வட்டந்தான். அது சூரியனின் படம். கிரகண நாளில் அதே வட்டம் பிறையாகிவிடும். தரையில் விழுந்த வட்டத்திலிருந்து ஓட்டைக்கு ஒரு நூலைப் பிடித்தால், நூல் நேரே சூரியன் நிற்கும் திசையைக் காட்டும். இனி மழை நாளுக்கு வருவோம். அதே ஓட்டைவழி புகும் நீர் தகரத்தின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு ஓடி, கைமரத்தில் இறங்கி, எங்கோ ஒரு மூலையில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஏறித் தாரைப் பூசிவிட்டு அடுத்த மழையில் மறுபடியும் பாத்திரம் வைப்பது லயங்களில் பழகிப்போன காட்சி. ஒரே ஓட்டைதான். நீர் ஒரு வழியில் வருகிறது, ஒளி வேறொரு வழியில் வருகிறது.

இரண்டையும் நாம் கசிவு என்றே சொல்கிறோம். பழைய பெரிய கமராக்களைப் பழுதுபார்க்கப் புகுந்தவர்களில் பலரை இந்தச் சொல்தான் திசை திருப்பிவிடுகிறது என்று நினைக்கிறேன். கசிவு என்றதும் மனம் நீரை நினைக்கிறது. இடைவெளி எங்கே என்று தேடுகிறது. கண்ட இடைவெளியையெல்லாம் அடைக்கிறது. ஒளிக்கு இடைவெளி மட்டும் போதாது. வெளியிலிருந்து பிலிம் வரைக்கும், அல்லது பிலிம் நேரே பார்க்கும் உட்சுவர் வரைக்கும், வளையாமல், தடைபடாமல், ஒரு நேர்கோடு கிடைக்க வேண்டும். கோடு கிடைத்தால் ஊசிமுனை ஓட்டை போதும். கிடைக்காவிட்டால் விரல் நுழையும் சந்து இருந்தாலும் பாதகமில்லை. ஆகவே கசிவைக் கண்டுபிடிப்பது என்றால் அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பது. சரிசெய்வது என்றால் அந்தக் கோட்டை முறிப்பது. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு வாதம்தான். ஊவாவின் காற்றும் மழையும் இதற்கு எப்படிச் சாட்சி சொல்கின்றன என்பதையும், இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை எவ்வளவு தூரம் நிற்கும் என்பதையும் பார்ப்போம்.

எந்தக் கமராவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முக்காலியில் நிற்கும் மரப்பெட்டி, முன்பலகையில் லென்ஸ், பின்பலகையில் மங்கல் கண்ணாடி, இரண்டையும் இணைக்கும் மடிப்பு மடிப்பான தோல் துருத்தி. படமெடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழாகத் தெரியும் உருவத்தைக் கூர்மைப்படுத்தி, பிறகு கண்ணாடி இருந்த இடத்தில் ஹோல்டரைச் சொருகுவார். ஹோல்டரின் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பிலிம் தாள், அல்லது அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டு. அதன் முன்னால் ஒரு மெல்லிய மூடுதகடு. தகட்டை உருவினால் பிலிம் கமராவின் உள்ளிருட்டைப் பார்த்து நிற்கும். இந்த மலைகளின் பழைய படங்கள் பலவும் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் எடுக்கப்பட்டன. கொழும்பில் ஸ்கீன் நிறுவனம் 1860களிலிருந்தும், கண்டியில் ஸ்கோவன் 1870களிலிருந்தும், பிளேட்டே நிறுவனம் 1890இலிருந்தும் தொழில் செய்தன. ஊவா தனி மாகாணமானது 1886இல். லிப்டனின் தம்பேதன்னத் தொழிற்சாலை எழுந்தது 1890இல். ரயில் பண்டாரவளையைத் தொட்டது 1894இல், பதுளையை அடைந்தது 1924 பெப்ரவரி 5இல். தோட்டங்கள் பெருகியதும் கண்ணாடித் தட்டுப் படக்கலை வளர்ந்ததும் ஒரே காலத்தில் நடந்தவை. ஆர்னல்ட் ரைட் பதிப்பித்து 1907இல் வந்த பெரிய இலங்கை நூலைப் புரட்டினால், பங்களாக்களும் தேயிலை ஸ்டோர்களும் பக்கம் பக்கமாக நிற்கும். அவற்றில் தொழிலாளரின் பெயர்களைத் தேட வேண்டாம், இராது.

அப்படி ஒரு படத்துக்குப் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி, ‘அசையாதே’ என்று சொல்லி, தகட்டை உருவிய கணத்திலிருந்து அதைத் திரும்பச் சொருகும் கணம் வரை என்ன நடக்கிறது என்று பாருங்கள். கசிவின் கணக்கு அங்கேதான் இருக்கிறது. இன்றைய பிலிமில் ஷட்டர் திறந்திருப்பது 1/60 வினாடி என்போம். ஆனால் கூட்டத்தில் ஒரு குழந்தை அழுகிறது, இரண்டு பேர் தலையைத் திருப்புகிறார்கள். தகடு உருவியபடி 30 வினாடி போய்விடுகிறது. லென்ஸ் வழி வந்த ஒளிக்குக் கிடைத்தது 1/60 வினாடி. கசிவு வழி வந்த ஒளிக்குக் கிடைத்தது அதைப் போல 1,800 மடங்கு நேரம். லென்ஸ் தரும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே வந்தாலும் மொத்தத்தில் அது லென்ஸை மிஞ்சிவிடும். ஒரே கமரா, ஒரே நாள், ஒரு தாள் பளிச்சென்று வருகிறது, அடுத்தது மங்கி வருகிறது என்பதற்கு இதுவே பெரும்பாலும் விளக்கம். இன்னொரு கணக்கும் உண்டு. ஈரக் கொலோடியன் தட்டின் வேகத்தை இன்றைய அளவில் சொன்னால் ஏறத்தாழ 1 அல்லது அதற்கும் கீழே. இன்று கடையில் வாங்கும் தாள் பிலிமில் வேகம் 400 உள்ளதும் உண்டு. ‘தாத்தா காலத்தில் ஒழுங்காக வேலை செய்த பெட்டி இது’ என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பெட்டியில் அன்றும் அந்த நேர்கோடு இருந்திருக்கலாம். அதைப் பார்க்கும் கண் பிலிமுக்கு அன்று இல்லை.

இனிப் படத்தைப் படிக்கும் விதம். மூட்டம் விழுந்த நெகட்டிவ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் விளிம்பை. ஹோல்டரில் பிலிமைப் பிடித்திருக்கும் சிறு தண்டவாளங்கள் விளிம்பில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கோட்டை மறைத்துக்கொண்டிருக்கும். மூட்டம் அந்தக் கோட்டோடு நின்று, விளிம்பு கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால், வெளிச்சம் முன்பக்கமாகக் கமராவுக்குள்ளிருந்து வந்தது. விளிம்பு வரைக்கும், தண்டவாளத்தின் அடியிலும் மூட்டம் இருந்தால், கமரா குற்றவாளியே இல்லை. பிலிம் பெட்டியிலோ, இருட்டறையிலோ, தாளை ஏற்றும்போதோ நடந்தது. இரண்டு மில்லிமீட்டர் விளிம்பு இவ்வளவு பேசும். இதைப் பார்க்காமல் துருத்தியைக் கழற்றிய கைகள் எத்தனையோ.

அடுத்தது மூட்டத்தின் உருவம். ஒரு பக்க ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கூர்மையான கீற்றாக ஓடினால், ஹோல்டரும் பின்பலகையும் சேரும் இடம் அல்லது மூடுதகடு வெளியே வரும் பிளவு. தகட்டை நேராக உருவாமல் ஒரு மூலையை முதலில் இழுத்தால் பிளவின் உள்ளே இருக்கும் வெல்வெட் அந்தப் பக்கம் அமுங்கி மறுபக்கம் திறந்துகொள்ளும். இழுக்கிற வேகத்தில் ஹோல்டரே பின்பலகையிலிருந்து மயிரிழை எழும்பும். வட்டமான அல்லது முட்டை வடிவான புள்ளியாக இருந்தால் அது லயத்துத் தரையில் கண்ட அதே வட்டம். துருத்தியில் ஊசி ஓட்டை, அதற்கு நேரே சூரியன். சூரியனின் படம் ஓட்டைக்கும் பிலிமுக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அகலம் கொள்ளும் என்பதால், 2 மில்லிமீட்டர்ப் புள்ளி என்றால் ஓட்டை சுமார் 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று தேடலாம். உருவமே இல்லாமல் தாள் முழுவதும் சோர்ந்து கிடந்தால்தான் குழப்பம். பதுளை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். அந்த ஒளி துருத்தியின் மேல்மடிப்பில் நுழைந்து, நேரே கீழ்மடிப்பில் மோதி, அங்கிருந்து சிதறி உள்ளறை முழுவதையும் மெல்ல வெளுக்க வைக்கும். புள்ளியும் இல்லை, கீற்றும் இல்லை; கறுப்பு மட்டும் கறுப்பாக வராது. இதை லென்ஸின் குற்றம் என்றும், மலைப் பனிமூட்டம் என்றும் எண்ணி விட்டுவிடுவது எளிது. சூரியன் தாழ்ந்து கமராவுக்கு முன்னால் நிற்கும் காலையில் புள்ளி, முதுகுக்குப் பின்னால் நின்றால் ஹோல்டர் ஓரத்தில் கீற்று, உச்சியில் நின்றால் சோர்வு. படமெடுத்த நேரத்தைக் குறித்து வைத்தவர் பாதித் தேடலை முடித்துவிட்டார்.

புள்ளி விழுந்த இடத்தைக் கொண்டு ஓட்டையைப் பிடிப்பதில் தொடக்கக்காரரை ஏமாற்றும் ஒரு திருப்பம் இருக்கிறது. லென்ஸ் தரும் உருவம் தலைகீழ். கசிந்து வரும் ஒளி தலைகீழாவதில்லை. பிரதியில் வானத்தின் மூலையில் தெரியும் வெள்ளைப் புள்ளி பிலிமின் கீழ்ப்பகுதியில் விழுந்தது; மேலிருந்து சரிந்து இறங்கிய ஒளி அங்கேதான் போய் விழும். மனக்கணக்கில் இதைத் திருப்பித் திருப்பிப் போடுவதைவிட நேர்கோட்டையே நம்புவது நல்லது. புள்ளி விழுந்த இடத்தை மங்கல் கண்ணாடியின் சட்டத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இருட்டான அறையில் கமராவைப் படமெடுத்தபோது இருந்த அதே நீளத்துக்கு நீட்டி, லென்ஸை மூடி, கண்ணாடியைக் கழற்றி, கறுப்புத் துணிக்குள் புகுந்து, குறித்த இடத்துக்கு நேரே ஒரு கண்ணை வையுங்கள். பத்து நிமிடம் சும்மா இருங்கள்; இருட்டுக்குக் கண் பழகாமல் எதுவும் தெரியாது. பிறகு உதவிக்கு வந்தவர் டோர்ச்சை வெளியே துருத்தியைச் சுற்றி மெதுவாக நகர்த்தட்டும். ஓரிடத்தில் மடிப்பின் மூலையில் ஒரு நட்சத்திரம் எரிந்து அணையும். பிலிம் எந்தக் கோட்டில் நின்று ஒளியைக் கண்டதோ அதே கோட்டில் நின்று நீங்களும் கண்டுவிட்டீர்கள். டோர்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வெயிலில் இதைச் செய்தால் ஓட்டைவழி சூரியன் நேரே கண்ணுக்குள் இறங்கும்.

டோர்ச்சையே பெட்டிக்குள் வைத்து வெளியிலிருந்து பார்த்துவிட்டால் போதாதா, ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். பழுதுபார்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது அதுதான். அது தவறும் அல்ல. நேர்கோடு இரண்டு திசையிலும் ஒன்றே. வெளியிலிருந்து உள்ளே வரும் வழியில் உள்ளிருந்தும் வெளியே வரலாம். ஆனால் அந்தச் சோதனை சொல்வது, எங்கோ ஒரு கோடு இருக்கிறது என்பதை மட்டும். அந்தக் கோடு பிலிமில் போய் முடிகிறதா, துருத்தியின் மறுசுவரில் முடிகிறதா என்பதை அது சொல்லாது. உங்கள் கண் நிற்கும் கோணத்தில் வரும் கோட்டை மட்டுமே அது காட்டும். நாலு பக்கமும் சுற்றி, துருத்தியை நீட்டியும் சுருக்கியும் பார்க்காதவருக்குப் பாதிக் கோடுகள் ஒளிந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹோல்டர் இல்லாத கமராவில் ஹோல்டரின் கசிவைத் தேட முடியாது. அதற்கு ஒரே சாட்சி பிலிம்தான். பிலிம் விலை அதிகம் என்பவர்கள் புரோமைட் தாளை ஹோல்டரின் அளவுக்கு வெட்டிப் பயன்படுத்தலாம். சிவப்பு விளக்கில் கையாளலாம், மலிவு. அது பிலிமைவிட மிகவும் மந்தமானது என்பதால் வெயிலில் 10 நிமிடமாவது காட்ட வேண்டும். முதல் தாளை மூடுதகடு மூடியபடி ஹோல்டரை மட்டும் வெயிலில் வைத்து. இரண்டாவதைக் கமராவில் சொருகி, லென்ஸை மூடி, தகட்டை உருவி, ஒவ்வொரு பக்கமாக வெயிலுக்குத் திருப்பி. முதல் தாள் வெள்ளையாகவும் இரண்டாவது கறுத்தும் வந்தால், தகடு மூடியிருக்கும் வரைக்கும் ஹோல்டர் விடுதலை. தார்ண்டன்-பிக்கார்டு போன்ற பழைய சுருள்துணி ஷட்டர் லென்ஸில் பொருத்தியிருந்தால், அந்தத் துணியே ஊசி ஓட்டை விழுந்து நைந்திருக்கலாம். லென்ஸ் மூடியோடு ஒரு தாள், மூடியில்லாமல் ஷட்டரை மட்டும் மூடி ஒரு தாள் என்று பார்த்தால் அதுவும் வெளிப்பட்டுவிடும்.

இந்தச் சோதனையை எந்த மாதத்தில் செய்வது? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஊவாவில் இது தலையாய கேள்வி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்ந்துவிட, ஈரம் இழந்த கச்சான் காற்று ஹப்புத்தளைக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் மணம் கொழுந்தில் ஏறுவது அந்த உலர்காற்றில்தான். அதே காற்று கமராவின் மரத்தையும் வாட்டுகிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்கு மழை. மரம் ஈரம் குடித்து உப்புகிறது. மரம் நார் ஓடும் திசையில் ஏறத்தாழ அசைவதே இல்லை. நாருக்குக் குறுக்கே அசையும். 20 சென்டிமீட்டர் அகலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கி விரியலாம். மூலைகளில் திருகிய பித்தளைத் தகடுகளோ ஈரத்துக்கு அசைவதில்லை. மரம் சுருங்க நினைக்கும், பித்தளை விடாது. முடிவில் திருகாணித் துளை தளரும், அல்லது பலகை நாரோட்டத்தில் வெடிக்கும். டிசம்பர் மழையில் சோதித்து இறுக்கமான பெட்டி என்று சான்று கொடுத்த கமரா ஆகஸ்டில் கீற்று விடுவதற்கு வேறு மர்மம் இல்லை. ஆகவே சோதனை கச்சான் காலத்தில் நடக்க வேண்டும். இங்கிலாந்துக் கமராக்காரர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பவென்றே தேக்கிலும் மகோகனியிலும், பசையை மட்டும் நம்பாமல் மூட்டுகளைப் பித்தளையால் கட்டி, வெப்பநாட்டு மாதிரிகளைச் செய்தார்கள். சாண்டர்சன் கமராவிலும் அப்படியொன்று உண்டு. பூச்சி அண்டாது என்று நம்பப்பட்ட ரஷ்யத் தோலில் துருத்தி. பசை இளகும் என்பதையும் கறையான் வரும் என்பதையும் யோசித்தவர்கள் மரம் மூச்சுவிடும் என்பதையும் யோசித்திருந்தார்கள்: அவர்களுடைய நல்ல கமராக்களில் பலகைகள் ஒன்றையொன்று முட்டி நிற்பதில்லை, நாக்கும் பள்ளமுமாகக் கோத்து நிற்கின்றன. நாக்கு பள்ளத்துக்குள் முன்பின் நகரலாம். இடைவெளி வரும், போகும். ஒளிக்கு நேர்வழி மட்டும் எந்த மாதத்திலும் கிடைக்காது.

பழுதுபார்ப்பவர் இதை மறந்து அந்தப் பள்ளத்தை அடைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பெரிய தவறு. அதன் பின்னால் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேயிலை ஊரில் பெட்டி என்றால் உள்ளே உலோகத்தாள் விரித்து, ஈரமும் வாசனையும் புகாமல் மூடிய தேயிலைப் பெட்டிதான் நினைவுக்கு வரும். தேயிலைப் பெட்டிக்குக் காற்றே எதிரி. சிறு சந்தும் ஆகாது. கமரா அப்படிப்பட்ட பெட்டி அல்ல. துருத்தியை நீட்டும்போது காற்று உள்ளே வந்தாக வேண்டும், மடிக்கும்போது வெளியே போயாக வேண்டும். போகாவிட்டால் துருத்தி உப்பி மடிப்பே கிழியும். ஆகஸ்டில் தெரிந்த சந்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால், டிசம்பரில் மரம் உப்ப இடமில்லாமல் பக்கத்துப் பலகையைப் பிளக்கும். அடைப்பதற்குப் பதிலாகத் திருப்பிவிட வேண்டும். சந்தின் உட்புறத்தில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய மெல்லிய கறுப்பு வெல்வெட் பட்டை, அல்லது மறுபக்கத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் ஒரு மரச்சிம்பு போதும். ஒளி இரண்டு மூன்று தடவை திரும்பும்படி செய்துவிட்டால் வேலை முடிந்தது. பளபளப்பில்லாத நல்ல கறுப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 5 பங்கைத்தான் திருப்பி அனுப்பும் என்று கொண்டால், இரண்டு மோதலில் மிஞ்சுவது 400இல் ஒன்று, மூன்று மோதலில் 8,000இல் ஒன்று. கணக்கின் முழு வலுவும் அந்தப் பளபளப்பில்லாத கறுப்பில் நிற்கிறது. பழைய கமராவை அழகாக்குகிறேன் என்று பள்ளத்துக்குள்ளும் வார்னிஷ் அடித்து மின்ன வைப்பவர், நன்றாக இருந்த கமராவில் புதிதாகக் கசிவு வைக்கிறார். பள்ளம் கண்ணாடிபோல் ஆகி ஒளியைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போகும். வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் மெருகு போடட்டும்.

துருத்திக்கு வந்தால் என் வாதம் ஓரிடத்தில் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய தோலில் விழுந்த ஊசி ஓட்டையில் ஒளியைத் திருப்ப இடமில்லை. அதை அடைக்கத்தான் வேண்டும். ஆனாலும் எதைக்கொண்டு, எவ்வளவு தடிப்பில் என்பது முக்கியம். துருத்தி என்பது வெளியே தோல், உள்ளே கறுப்புத் துணி, இடையில் மடிப்புக்கு மடிப்பு காகித அட்டைச் சட்டம். ஓட்டைகள் எப்போதும்போல மூலையில், நான்கு மடிப்புகள் வந்து குவியும் கூரில் விழும். மழைக்காலப் பூஞ்சணம் தின்று வைத்த தோல் கச்சானில் விறைத்து, நீட்டி மடிக்கும்போது அங்கே வெடிக்கிறது. மின்சார வேலைக்கான கறுப்பு டேப்பை அங்கே ஒட்டினால் ஒரு வெயிலில் பசை இளகி இரண்டு மடிப்பையும் ஒன்றாக ஒட்டிவிடும். அடுத்த தடவை நீட்டும்போது தோலோடு பிய்ந்து வரும். சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனில் விளக்குக் கரியைக் குழைத்து, துருத்தியை முழுக்க நீட்டிய நிலையில், சிறு தூரிகையால் உட்புறமாக இரண்டு மூன்று மெல்லிய பூச்சு கொடுத்து, ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிட்டு, கடைசியில் ஒட்டாமலிருக்கச் சிறிது முகப்பவுடரைத் தூவித் துடைப்பது எளிய வழி. கூர் முழுவதும் நைந்திருந்தால் புத்தகம் கட்டுபவர் பயன்படுத்தும் மெல்லிய கறுப்புத் துணிப்பட்டை. இந்த வேலைக்குக் கமரா மெக்கானிக்தான் வேண்டும் என்பதில்லை. கேரளத்து ஆலப்புழையில் 1940களில் தேக்கும் பித்தளையுமாக வாகீஸ்வரி கமராவைச் செய்து, இந்தியா முழுவதும் ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிய கருணாகரனின் கதை இங்கே பொருத்தம். அவருடைய குடும்பம் இசைக்கருவி பழுதுபார்க்கும் குடும்பம். ஸ்டூடியோக்காரர் ஒருவர் கிழிந்த துருத்தியோடு வந்தது அவர்களிடம். ஆர்மோனியத்துக்குத் துருத்தி கட்டிய கைக்குக் கமராவின் துருத்தி அந்நியமாக இருக்கவில்லை. பழுதுபார்த்ததிலிருந்து கமரா செய்வது வரை அந்தக் கை போனது. ஆனால் ஆர்மோனியத் துருத்தி காற்றைப் பிடித்து வைக்க வேண்டியது, கமராத் துருத்தி ஒளியை வெளியே நிறுத்த வேண்டியது. அந்த வேறுபாட்டை அந்தக் கை உடனே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு, ஒரேயடியாகப் புதுத் துருத்தி போட்டுவிடலாமே என்பது வசதியுள்ளவர்களின் வாதம். துருத்தி உளுத்து நூறு ஓட்டை தெரிந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் விளிம்புக் கீற்று ஹோல்டரிலிருந்து வருகிறதென்றால் புதுத் துருத்தி போட்ட பிறகும் கீற்று வரும், பணம் போனதுதான் மிச்சம். புதுத் துருத்திகள் பெரும்பாலும் பழையதைவிடத் தடிப்பு. மடித்தால் பெட்டி மூடாது, மூட நெருக்கினால் முன்பலகை சாய்ந்து அங்கே புதிய சந்து பிறக்கும். இன்னொரு பக்கம், கறுப்புத் துணியைக் கமராவின்மேல் போர்த்திவிட்டால் எல்லாக் கசிவும் அடங்கும் என்பார்கள். போர்த்துங்கள், உச்சி வெயிலில் துருத்தியின் மேல்புறத்துக்கு அதைவிட நல்ல குடை இல்லை, தகட்டை உருவும்போது ஹோல்டரையும் சேர்த்து மூடுவது எல்லாருக்கும் வர வேண்டிய பழக்கம். ஆனால் கசிவு எங்கே என்று தெரியாதவர் துணியை எங்கே போடுவார்? காற்றடிக்கும் மேட்டில் துணி ஒரு பக்கம் தூக்கினால் அந்தப் பக்கமாகவே ஓட்டை இருக்கிறது என்பதை அடுத்த நெகட்டிவ்தான் சொல்லும்.

கணினியில் திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு மறுமொழி சுருக்கமானது. மெல்லிய மூட்டத்தின் அடியில் உருவம் இன்னும் இருக்கும், அதை எடுக்கலாம். பிலிம் முழுக்கக் கறுத்துப்போன கீற்றின் அடியில் எதுவும் இல்லை. குடும்பப் படத்தில் அந்தக் கீற்று ஒரு முகத்தின்மேல் விழுந்திருந்தால் கணினி அங்கே வரைவது வேறொருவரின் முகம். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அதற்குப் பிறகு பிரிந்த குடும்பங்களுக்கு ஒரு படம் என்றால், எல்லாரும் ஒன்றாக நின்ற கடைசித் தாளாக அது இருக்கலாம். அதில் ஒரு முகத்தைக் கற்பனையால் நிரப்புவதை ஏற்றுக்கொள்ள முடியாது.

கசிவில் ஓர் அழகு இருக்கிறதே, அதை ஏன் துரத்துகிறீர்கள் என்று கேட்கும் இளைஞர்களின் வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. 1875இல் இலங்கைக்கு வந்து, இந்த மலைத்தொடரின் மறுபக்கத்தில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் 1879 ஜனவரியில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமான படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனை அவர்கள் சாட்சிக்கு அழைப்பார்கள். அவருடைய தட்டுகளில் கோடும் கறையும் வெடிப்பும் உண்டு. அக்காலத்து விமர்சகர்கள் கேலி செய்தார்கள். இன்று அருங்காட்சியகங்கள் அவற்றைப் பொன்போல் காக்கின்றன. உண்மைதான். ஆனால் அவருடைய கறைகள் பெரும்பாலும் ஈரத் தட்டைக் கையாண்ட விதத்தில் வந்தவை; அவை இருப்பது தெரிந்தே அச்சிட்டார். தெரிந்து வைத்துக்கொள்பவருக்குக் கசிவும் ஒரு கருவி. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், வந்ததை அழகு என்று சொல்பவர் கமராவின் விருப்பத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

கடைசியாக ஓர் எதிர்ப்பு, எனக்கும் உடன்பாடானது: சில கமராக்களைத் தொடவே கூடாது. ஒரு பழைய ஸ்டூடியோவில் கிடக்கும் மரக் கமராவின் துருத்தியில் பழைய பட்டைகளும் கரிப்பூச்சும் அடுக்கடுக்காக இருந்தால், அவை அந்த ஊரின் கைவேலைச் சரித்திரம். அதைக் கழுவிப் புதுத்தோல் மாட்டினால் கசிவு நிற்கும், சரித்திரமும் நின்றுவிடும். அத்தகைய கமராவைச் சுத்தமான உலர்ந்த இடத்தில், துருத்தியைப் பாதி நீட்டி வைத்துவிட்டு, வேலைக்கு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். படமெடுத்தே தீர வேண்டும் என்றால் திருப்பி எடுத்துவிடக்கூடிய வேலையை மட்டும் செய்யலாம்: மேலே போர்த்தும் துணி, திருகாமல் சொருகும் வெல்வெட் பட்டை, புதிய ஹோல்டர். பசையும் வண்ணமும் வேண்டாம்.

ஹோல்டரைப் பற்றி ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது. அனுபவமுள்ள படக்காரர்கள் ஒவ்வொரு ஹோல்டரின் கீழ்மடலிலும் அரத்தால் சிறு வெட்டுகள் போட்டு வைப்பார்கள்: முதல் ஹோல்டருக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. படமெடுக்கும்போது அந்த வெட்டுகளின் உருவம் பிலிமின் ஓரத்தில் பதிந்துவிடும். எந்தத் தாள் எந்த ஹோல்டரில் இருந்தது என்று நெகட்டிவே சொல்லும். பத்துத் தாளில் மூட்டம் விழுந்தது இரண்டில், இரண்டிலும் மூன்று வெட்டு என்றால், அந்த மாலை கமராவைப் பிரிக்க வேண்டியதில்லை. அந்த ஹோல்டரையும் எறிந்துவிடாதீர்கள். தகடு நுழையும் பிளவில் நைந்த வெல்வெட்டைச் சுரண்டி எடுத்து, அடியிலிருக்கும் மெல்லிய உலோகச் சுருளை விரலால் சிறிது உயர்த்தி, புது வெல்வெட்டின் மயிர் வெளிநோக்கிச் சாயும்படி ஒட்டி, கீழ்மடலின் கீல்துணி வெடித்திருந்தால் அதையும் மாற்றி, ஒரு புரோமைட் தாளை ஏற்றி, ஆகஸ்டு மாத நண்பகல் வெயிலில் 10 நிமிடம் வைத்துப் பாருங்கள்.